பாதிப் பாதி மாத்திரை

ஜூன் 9, திங்கள்

வெட்கத்தை விட்டு முதலிலேயே எழுதிவிடுகிறேன். சிறுநீர் பிடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு டப்பா கொடுத்தார்கள். அதில் கோடு போட்டிருக்கிறது, கோடு வரை பிடித்தால் போதுமாம். நான் விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். சால்னா வாளி தூக்கிப் பழகிய கை, கொடுத்த பாத்திரத்தைக் குறையாக வைக்காது. மூடி போட வழியில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நடுவே பால்குடம் எடுப்பவன் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தேன். எல்லாரும் எழுந்து வழி விட்டார்கள்.

மெர்லின் சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, கோடு போட்டுருக்குல்ல?" என்றார்.

"கோடு பார்த்து ஊத்துனா எங்க கடையில அடிக்க வருவாய்ங்க சிஸ்டர்."

சிரித்துவிட்டார். நல்ல பெண்.

என் பெயர் வீரணன். ஆரப்பாளையத்தில் பரோட்டா மாஸ்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு வாத்தியார் வரும் நாளெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். சர்க்கரை வியாதி வந்து பல வருடமாகிறது. பாதம் பகலில் மரக்கட்டை, படுத்தால் கல்லில் போட்ட பரோட்டா. என் மச்சினன் பவுன்ராஜுக்கும் இதே கதை. எங்கள் கடைக்கு எதிரே டீ மாஸ்டர் அவன். நின்று பிழைக்கிற இரண்டு பேருக்கும் காலில்தான் வந்திருக்கிறது. பாத நரம்புக்குப் புதிதாக ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்து வந்தவன் அவன்தான்.

சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

"அப்ப யாருக்குத்தான் சிஸ்டர் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"எங்க மொதலாளி மாதிரி. எந்த எலை எப்பப் போச்சுன்னு அவருக்குத் தெரியாது. கல்லாப்பெட்டிக்குத்தான் தெரியும்."

ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் மூஞ்சி மூஞ்சியாக வரைந்திருக்கிறது. சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கி அழுகிற மூஞ்சியில் முடிகிறது. அன்றைய வலி எந்த மூஞ்சியோ அதில் தினமும் டிக் அடித்து, பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த இடத்தில் என் எழுத்து ஒன்றுதான் அடங்கும். அதனால் ஜவுளிக்கடையில் கொடுத்த இந்த டைரியில் எழுதுகிறேன். என் மனைவி தவமணிக்குப் படிக்க வராது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

ஜூன் 10, செவ்வாய்

மாத்திரை பாட்டில் வந்துவிட்டது. என் பாட்டில் மூடியில் தவமணி மஞ்சள் அரைத்துத் தடவினாள். "தம்பி பாட்டிலும் இதே மாதிரிதான இருக்கு, மாறிப் போச்சுன்னா?" என்றாள்.

"பாட்டிலுக்கு மஞ்சள் நீராட்டு நடத்திட்ட. மொய் யாரு எழுதுறது?"

"வாய மூடிட்டு மாத்திரையப் போடுங்க."

வாயை மூடிக்கொண்டு எப்படி மாத்திரை போடுவது என்று கேட்டேன். தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று ரத்தம் எடுத்தார்கள். அதை ஒரு வெள்ளைப் பெட்டியில் வைத்துத் திறந்தால் புகை புகையாக வருகிறது. உள்ளே ஏதோ கடுங்குளிர் ஐஸ். அப்படியே சென்னைக்குப் போகுமாம்.

"என் ரத்தத்துக்கு ஏசி வண்டி, எனக்கு டவுன் பஸ்ஸா சிஸ்டர்?"

சென்னையில் ஒரு மிஷின் இருக்கிறதாம். ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்குமாம். எவ்வளவு சின்னதைப் பார்க்கும் என்று கேட்டேன். மெர்லின் சிஸ்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம வண்டியூர் தெப்பக்குளம் நெறையத் தண்ணி இருக்குன்னு வைங்க. அதுல யாரோ ஒரு சிட்டிகை உப்பப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அதக்கூடக் கண்டுபுடிச்சிரும்."

"யாரு போட்டதுன்னும் சொல்லுமா?"

"அதச் சொல்லாது."

அது போதும். யார் போட்டது என்று சொல்கிற மிஷின் வந்தால் ஊரில் குடும்பம் நடக்காது.

ஜூலை 1, செவ்வாய்

இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இன்று என்னை எறும்பு கடித்தது!

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இடது கால் பெருவிரலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் ஒரு சிவப்பெறும்பு. போன தீபாவளிக்கு ஆணி குத்தி, செருப்பெல்லாம் ரத்தமாகியும் தெரியாத கால் இது. "டேய், கடிக்குதுடா!" என்று கத்தினேன். சப்ளையர்கள் பாம்பு என்று நினைத்து பெஞ்சில் ஏறிவிட்டார்கள்.

எறும்பைக் கொல்ல மனம் வரவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு கரண்டி சீனி வாங்கிவந்து சுவரோரம் வைத்தேன். எனக்குத்தான் சீனி ஆகாது. அதுவாவது சாப்பிடட்டும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றித் தரையில் நின்றேன். தரை ஜில்லென்று இருந்தது. எங்கள் வீட்டுத் தரை இவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. தவமணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பக்கத்தில் வந்து என்னோடு அவளும் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரி. கண்ணை மூடச் சொல்லி மெல்லிய நைலான் நரம்பால் பாதத்தில் அங்கங்கே தொடுகிறார்கள். தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும். போன மாதம் நான் பாட்டுக்கு "ம்" சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்னும் தொடவே இல்லண்ணே" என்றார் சிஸ்டர். இன்று அப்படி இல்லை. நிஜமாகவே தெரிந்தது. பெரிய டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது பவுன்ராஜ். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவனிடமிருந்து ஒரு "ம்" கூட வரவில்லை.

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். செல்லூர் பாலம் தாண்டியதும், "எனக்குக் கெடச்சது சும்மா மாத்திரைதான் மச்சான்" என்றான். "குதிகால்ல புண்ணு வந்துருக்கு. அக்காகிட்டச் சொல்லாத." அழுதுவிட்டான். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு.

எனக்குக் கேலி எதுவும் வாயில் வரவில்லை. டிக்கெட்டைச் சுருட்டி அவன் காதில் விட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எனக்கு வந்த யோசனை எனக்கே பிடித்திருக்கிறது. மதியம் அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"மாப்ள, ரெண்டு பாட்டிலயும் ஒண்ணாக் கொட்டிருவோம். கலக்கி ஆளுக்குப் பாதியா எடுத்துக்குவோம். உனக்கும் பாதி நெசம், எனக்கும் பாதி நெசம்."

"மச்சான், அது உனக்கு வேல செய்யுதுல்ல? எதுக்கு?"

"எறும்புக்கு ஒரே காலக் கடிச்சு அலுத்துருக்கும்டா."

"டாக்டருக்குத் தெரிஞ்சா?"

"டாக்டருக்கே தெரியாதுன்னுதான சொல்லிருக்காய்ங்க."

தவமணி அடுப்படி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். எங்கள் கல்யாணத்தன்று ஆறு வயதுப் பையனாக இருந்தான், மணவறையில் அவள் மடியிலிருந்து இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அவன் புண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை. அவன் நடந்து வந்ததைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

யார் பிரிப்பது என்று வந்தது. "நான் பிரிச்சா மாப்ளைக்கு ஓரவஞ்சன பண்ணிருவேன். அவன் பிரிச்சா எனக்குப் பண்ணிருவான். தவமணி, நீயே பிரி. உன் கைக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்." மாதாமாதம் பாட்டில் வரும்போதெல்லாம் அவளே பிரிப்பது என்று முடிவானது.

"சரி, குடுங்க" என்று இரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தவமணி காபி ஆற்றினால் தெருமுனை வரை கேட்கும். இன்று மாத்திரை கலக்கிய சத்தம்தான் கேட்கவே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கலக்கினாளாம், பயபக்தியோடு.

ஜூலை 13, ஞாயிறு

ஆட்டுக்கால் சூப். கேட்காமலே வைத்திருந்தாள்.

ஜூலை 28, திங்கள்

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் தவமணி வெந்நீர் வைத்துக் காலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறாள். தினமும். "கல்யாணமான புதுசுலகூட இப்படிக் கவனிக்கலையே, என்ன சமாச்சாரம்? எம்பேர்ல சொத்துகித்து வந்துருக்கா?" என்றேன். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் காலைப் பிடித்தாள். அவள் எந்த விரலைப் பிடிக்கிறாள் என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கடைச் சுவரோரம் எறும்புகள் வரிசையாகப் போகின்றன. காலை நீட்டி வைத்துப் பார்த்தேன். ஏறி, பாதத்தைச் சுற்றிவிட்டு இறங்கிப் போய்விட்டன. என்மேல் ஏதோ கோபம்போல.

பாதி மாத்திரைக்குப் பாதிதான் வேலை செய்யும். அது நியாயம்தான். ராத்திரி எரிச்சல் மட்டும் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. மூஞ்சிப் புத்தகத்தில் சிரிக்கிற மூஞ்சியிலேயே டிக் அடித்தேன். மற்ற மூஞ்சிகளைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. அதோடு, கலக்கியது வெளியே தெரிந்துவிடக்கூடாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், புகைப் பெட்டியில் வைத்தார்கள். நைலான் நரம்பு. நான் இரண்டு முறை "ம்" சொன்னேன். இரண்டு முறையும் சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கை மடியில் இருந்தது.

பவுன்ராஜ் உள்ளே போனான். "ம்." "ம்." "ம்." வரிசையாக வந்தது. வெளியே வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்து, எல்லாருக்கும் முன்னால் கன்னத்தில் முத்தம் வைத்தான்.

"பாதி மாத்திரை உனக்கு முழுசா வேல செய்யுதுடா! ஒடம்பா, கறவ மாடா?"

"மச்சான், நீ குடுத்த காலு இது. புண்ணுகூட ஆறிருச்சு. உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன? ராஜா கணக்கா இருக்கேன்."

வீட்டில் வந்து சொன்னபோது தவமணி சாமி படத்தின் முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்து, "உங்களுக்கு?" என்றாள். "எனக்கும்தான்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

ஆகஸ்ட் 16, சனி

கூட்டம் அதிகம். கல்லை விட்டு நகர முடியவில்லை. மதியம் சப்ளையர் பையன் ஒருவன், "மாஸ்டர், கால்ல என்ன இவ்வளவு பெரிய கொப்புளம்?" என்றான். பார்த்தால் வலது பாதத்தின்மேல் அப்பளம் அளவுக்குப் பொங்கி நிற்கிறது. எப்போதோ கொதிக்கிற எண்ணெய் சிந்தியிருக்கிறது. எப்போது என்று எனக்குத் தெரியாது. கால் எனக்குச் சொல்லவில்லை.

"இதுக்கும் ஒரு சால்னா ஊத்துங்கடா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி ஆட்டோ பிடித்து அனுப்பினார். பக்கத்து கிளினிக் டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "சர்க்கரைக் காலு. ஆறலைன்னா வெரல எடுக்க வேண்டி வரும், பாத்துக்கங்க" என்றார். எந்த விரல் என்று கேட்டேன். அவருக்குக் கேலி பிடிக்காது போல.

தவமணி கட்டைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு கொப்புளத்துக்கு இந்த அழுகை அதிகம். "ஏங்க" என்று தொடங்கினாள். "சொல்லு" என்றேன். "ஒண்ணுமில்ல. தோசை ஊத்தவா, சப்பாத்தி போடவா?" என்றாள்.

தோசை.

ஆகஸ்ட் 23, சனி

பவுன்ராஜ் கடைக்கு டீ குடிக்கப் போனேன். டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அவன் மாத்திரை பாட்டில் இருந்தது. மூடியில் மஞ்சள்.

பழைய மஞ்சள் இல்லை. இந்த மாதப் பாட்டில், புது மஞ்சள். ஓரத்தில் இன்னும் பொடி உதிர்ந்தது.

கலக்கும்போது மூடி மாறியிருக்கும். ஒரே அளவு மூடிதானே. யாருக்கும் மாறும்.

டீயில் சர்க்கரை போட்டுவிட்டான் போலிருக்கிறது. குடிக்க முடியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பவுன்ராஜுக்குக் கடையில் ஆள் இல்லை, நான் மட்டும் போனேன். மெர்லின் சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

"வீரணன், சென்னையிலேர்ந்து ரத்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஏதோ தப்பு நடந்துருக்குன்னு சொன்னாங்க. உங்க காலு இருக்குற நெலமைக்கு யாருக்கு எதுன்னு தெரிஞ்சே ஆகணும். அதனால இப்பத்தான் எங்களுக்கே சொன்னாங்க. உங்களுக்குக் குடுத்தது நெச மருந்து. ஜூன்ல எடுத்த ரத்தத்துல அது இருக்கு. ஆகஸ்ட்ல எடுத்ததுல துளிகூட இல்ல. மாத்திரைய யாருக்குக் குடுத்தீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "யாருக்கும் முழுசாக் குடுக்கல டாக்டர். மச்சினனும் நானும் பாதிப் பாதி. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து பிரிச்சுக்கிட்டோம்."

"பாதியா?"

"சத்தியமாப் பாதி."

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. "பாதி எடுத்துருந்தா ரெண்டு பேரு ரத்தத்துலயும் பாதி தெரியும். அவருக்கு ஜூன்ல ஒண்ணுமே இல்ல. ஆகஸ்ட்ல முழுசா இருக்கு. உங்களுக்குச் சுத்தமா இல்ல. கலக்கவே இல்லங்க. பாட்டில் அப்படியே மாறிருக்கு."

"மிஷின்ல கோளாறு இருக்கும்."

"மறுபடியும் போட்டுப் பாத்துட்டாங்க."

"தெப்பக்குளம் பெருசு டாக்டர். ஒரு சிட்டிகைதான? கண்ணுல படாமப் போயிருக்கும்."

"நூத்துல ஒரு பங்கு இருந்தாலும் பட்ருக்கும்."

"அந்த மிஷினுக்கும் வயசாயிருக்கும்ல? எனக்கே கண்ணுல சாளேஸ்வரம் வந்துருச்சு."

டாக்டரம்மா என் மூஞ்சிப் புத்தகத்தை எடுத்து மேஜையில் விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிற மூஞ்சியில் டிக். "ரத்தத்துல மருந்து இல்ல. கால்ல உணர்ச்சி இல்ல. கொதிக்கிற எண்ண கொட்டிருக்கு. இதுல வலியே இல்லன்னு எழுதிருக்கீங்க. எத்தன ஊருல எத்தன பேரு காலு இந்த மருந்த நம்பி இருக்கு தெரியுமா? நீங்க சொல்றத நம்பித்தான நாங்க எழுதுறோம்? உங்கள நம்புனேனே வீரணன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டு பேரையும் சோதனையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனி மாத்திரை யாருக்கும் கிடையாது. நான் எழுந்தபோது, "வீட்ல மாத்திரையப் பிரிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கடைக்குப் போனேன். மாவு நன்றாக வந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். ஏன் என்று தவமணி கேட்கவில்லை. மூன்று வேளையும் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். நான் கேலி பேசாமல் இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. இன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஏதாச்சும் சொல்லுங்க. வையுங்க. அடிக்கக்கூடச் செய்யுங்க."

"மிஷின் ரொம்ப நல்ல மிஷின் தவமணி" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் ரசம் கேட்டேன். ஊற்றினாள்.

"பாதி மருந்து ரெண்டு பேருக்குமே பத்தாதுன்னு தோணுச்சு. ரெண்டு காலும் போயிருமோன்னு பயந்துட்டேன். அந்தப் புண்ணப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"புண்ணு ஆறுன ஒடனே மாத்திரலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா. ஒரு மாசம்னு நெனச்சேன்."

"சரி."

"உங்களுக்குக் கொப்புளம் வந்த அன்னைக்கே சொல்லிருவேன். வாய் வரைக்கும் வந்துச்சு."

"தோசை ஊத்துன."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். இதை அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"நீங்க எதையும் சிரிச்சுக்கிட்டே தாங்கிருவீங்க. அவன் தாங்க மாட்டாங்க. உங்களுக்கு வலிக்குதுன்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே."

ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. அதைச் சொன்னேன்.

அவள் கேட்டிருந்தால் முழுப் பாட்டிலையும் அவனுக்குக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அப்படி நினைத்தவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 11, வியாழன்

பவுன்ராஜ் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, தெருவிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், அக்கா எல்லாத்தையும் சொல்லிருச்சு. எம்புள்ள மேல சத்தியமா, எனக்கு மொதல்ல தெரியாது."

"மொதல்லன்னா?"

வண்டி ஹாரனைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பாட்டில் மூடில மஞ்சளப் பாத்தேன். அது உன் பாட்டிலுக்குத் தடவுறதுன்னு தெரியும். கேக்கல. கேட்டா நின்னுருமோன்னு பயமா இருந்துச்சு. அப்பத்தான் மச்சான் சூடு தெரிய ஆரம்பிச்சுச்சு. டீ கைதவறிக் கால்ல ஊத்துனா சுட்டுச்சு. சுடுறது எவ்வளவு சொகம் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். எனக்கு ஒரு எறும்பு அளவுக்குத் தெரியும்.

மஞ்சளை நானும் பார்த்தேன், நானும் கேட்கவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

"இப்ப மறுபடி மரக்க ஆரம்பிச்சிருச்சு" என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் வழக்கம்போல அவன் மீசையைப் பிடித்து இழுக்கக் கையைத் தூக்கினேன். பாதியில் இறக்கிவிட்டேன். அவன் முகத்தை அப்படியே காட்டிக்கொண்டு நின்றான், இழுக்கட்டும் என்று.

செப்டம்பர் 19, வெள்ளி

கொப்புளம் ஆறுகிறது. ஆனால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. விரலை எடுப்பதா வேண்டாமா என்று அடுத்த வாரம் சொல்வார்கள். முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, உட்கார்ந்து மாவு மட்டும் பிசையச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து பிசைந்தால் மாவு வேறு மாதிரி வருகிறது.

மெர்லின் சிஸ்டரிடமிருந்து போன். கணக்கை முடிக்க வேண்டுமாம், மூஞ்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறதாம். "இன்னைக்கு எந்த மூஞ்சின்னு சொல்லுங்கண்ணே, நான் போட்டுக்கிறேன்."

"எல்லா மூஞ்சியும் வரிசையா எப்படி இருந்துச்சுன்னு மறந்துபோச்சு சிஸ்டர். ஒரு தடவ சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சிரிப்பு, லேசான சிரிப்பு, சும்மா இருக்கிற மூஞ்சி, சுளிக்கிற மூஞ்சி, வாடின மூஞ்சி.

"கடைசி" என்றேன்.

"சரிண்ணே" என்றார். பேனா சத்தம் கேட்டது.

தவமணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த மூஞ்சி என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

சுண்டுவிரலை எடுக்க வேண்டாமாம், பார்க்கலாமாம். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசலில் தவமணி என் காலைப் பார்த்தாள். இடது கால் செருப்பைக் காணோம். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. திரும்பிப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வலது கால் செருப்பைக் காணோம். நீங்க உட்காருங்க என்று சொல்லிவிட்டுத் தவமணி போனாள். இருட்டுவதற்குள் ஒரு செருப்போடு வந்தாள். என்னுடையது இல்லை. இடது கால் செருப்பு. வலது காலில் போட்டுப் பார்த்தேன். காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.